இரண்டு குட்டி ஊதல்

ஞானாதிக்கம் டிரைவரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது போன கார்த்திகையில், பாங்கில். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் போய், இன்னும் இருக்கிறோம் என்று முகத்தைக் காட்ட வேண்டும் இல்லையா, அதற்காகப் போயிருந்தேன். அவருக்கு எண்பத்தெட்டு வயது. மகள் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள். காது சுத்தமாக அடைத்துவிட்டது. ரயில் எஞ்சினில் நின்றவர்களுக்கெல்லாம் அப்படித்தான். என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தேன். காது கேட்காதவர்கள் பேசுவதுபோல, பாங்கு முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"என்ன வே சங்கரலிங்கம், உமக்கு இப்ப சோறு சூடா கெடைக்கா?"

கவுண்டரில் இருந்த பெண்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். என் வீட்டுக்காரி சொர்ணத்தாய் போய்ப் பதினோரு வருஷம். அது அவருக்குத் தெரியும். அடக்கத்தன்றைக்கு வந்து ஓரமாக நின்றார். தெரிந்துகொண்டே, நாலு பேர் நடுவில், அப்படி ஒரு கேள்வி. என் நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது நாற்காலி காலி. ஐந்தாம் நாள் கோயில் மணி அடித்தது, ஞானாதிக்கம் டிரைவர் போய்விட்டார் என்றார்கள்.

நீங்கள் ஷெட்டின் வரலாறு கேட்டு வந்திருக்கிறீர்கள் டீச்சர். ஸ்டேஷனுக்கு நூறு வருஷம், அதற்கு ஒரு புத்தகம் போடுகிறீர்கள், நல்ல காரியம். சொல்கிறேன். ஆனால் உங்கள் நோட்டில் முதல் பக்கத்திலேயே யார் பேர் எழுதியிருக்கிறது? இங்கிருந்தே தெரிகிறது. ஞானாதிக்கம். அடிக்கோடு வேறு. பரவாயில்லை, எல்லாரும் அப்படித்தான். வெள்ளூரணி லோகோ ஷெட் என்றால் ஞானாதிக்கம் டிரைவர்.

ஆறு தண்டவாளம், ஒரு சாம்பல் குழி, எஞ்சினைத் திருப்பி நிறுத்துகிற வட்ட மேடை, கரி மேடை, தண்ணீர்த் தொட்டி, அதற்குக் கீழே நாற்பத்திரண்டு ஆட்கள். இதுதான் ஷெட். எழுதிக்கொள்ளுங்கள். இரவெல்லாம் தீயை அணையாமல் பார்த்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். பாய்லருக்குள் தவழ்ந்து போய்ச் சுண்ணாம்புப் படிவத்தைக் கொத்தி எடுத்தவர்கள் இருந்தார்கள். நான் பிட்டர். ஆறாவதுதான் படித்தேன். பாய்லர் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அகராதி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு மூன்று வருஷம் அதைத் தனியாக உட்கார்ந்து படித்தேன். எந்த மூட்டில் ஆவி கசிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் ஸ்பானர் சத்தம் எந்த வீட்டுக்குக் கேட்கும்? எஞ்சின் சத்தம் ஊருக்கே கேட்கும்.

அந்தச் சத்தத்தில்தான் விஷயமே இருக்கிறது.

அந்தக் காலத்து டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆளுக்கு ஒரு ஊதல். ரயில்வே கேட் பக்கத்தில் வரும்போது சட்டப்படி ஊத வேண்டும். ஆனால் ஒவ்வொருவரும் தன் பாணியில் ஊதுவார்கள். ஒருவர் வெட்டி வெட்டி ஊதுவார். ஒருவர் மாடு கத்துவதுபோல ஊதுவார். காலனியில் இருக்கிற அவரவர் பெண்டாட்டி அதைக் கேட்டு, ஆள் வந்தாச்சு என்று உலை வைப்பாள். ஞானாதிக்கம் நீளமாக எழுப்பி, முடிகிற இடத்தில் கொஞ்சம் கீழே இறக்கி, மறுபடி மேலே தூக்கி விடுவார். காலனியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிற பெண்கள் குடத்தை அப்படியே விட்டுவிட்டு நிமிர்வார்கள். "ஆதிக்கம் அண்ணன் வந்தாச்சுடீ." ஏதோ அவரவர் வீட்டு ஆள் வந்த மாதிரி.

அவர் ஓட்டியது பதினொன்றேமுக்கால் பாசஞ்சர். இங்கே எஞ்சினைக் கழற்றி ஷெட்டுக்குக் கொண்டுவருவார். வந்ததும் ரிப்பேர் புத்தகத்தில் எழுத வேண்டும், இன்ன இடத்தில் கசிவு, இன்ன சாமான் பிடிக்கவில்லை என்று. எனக்கு விடிகாலை டூட்டி. அவர் எஞ்சினைப் பார்த்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போகலாம். அவர் ஒன்றும் எழுதாவிட்டால் பன்னிரண்டரைக்கு வீடு. எழுதினால் இரண்டரை. சில நாள் மூன்று. என் மத்தியானம் அவர் பேனாவில் இருந்தது டீச்சர். முப்பது வருஷத்துக்குப் பக்கம் அப்படி.

எனக்கு வயிற்றில் புண் உண்டு. கல்யாணமான புதிதிலேயே வந்துவிட்டது. ரயில்வே டாக்டர், "ஆறின சோறு கூடாது, அரைப்பட்டினியும் கூடாது. வடிச்ச சோறு வடிச்ச சூட்டோட போகணும்" என்று சொல்லிவிட்டார். சொர்ணத்தாய் அதைக் குழாயடியில் சொல்லி அழுதாளாம், காலனிக்கே தெரிந்துபோயிற்று. எனக்கு அவமானம். ஆனால் அவளுக்கு ஒரு கைராசி இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். நான் பன்னிரண்டரைக்குப் போனாலும் சோற்றில் ஆவி பறக்கும். இரண்டரைக்குப் போனாலும் ஆவி பறக்கும். ஷெட்டில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்படுவேன். "உம்ம வீட்டுல என்ன வே, பாய்லரா வச்சிருக்கீரு?" என்பார்கள்.

எழுபத்தெட்டு சித்திரையில் ஒரு நாள் காலையில் ஆவிக் குழாய் வெடித்து என் வலது கை வெந்துபோயிற்று. கட்டுப் போட்டு, பத்து நாள் வீட்டில் இரு என்றார்கள். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் வேலைநாளில் பகல் பதினொன்றுக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

பதினொன்றரை இருக்கும். அவள் ஆட்டுக்கல்லில் ஆட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் உலை. திடீரென்று ஆட்டுவதை நிறுத்தினாள். கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு பின்வாசலில் போய் நின்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் கேட் பக்கத்திலிருந்து வந்தது அந்த ஊதல். நீளமாக எழும்பி, இறங்கி, தூக்கி. அது முடிகிற வரைக்கும் அவள் அசையவில்லை. முடிந்த பிறகும் நின்றாள். பிறகு குட்டியாக இரண்டு. குக் குக்.

"ம்ச்" என்றாள்.

உள்ளே வந்து உலைப்பானையை இறக்கிக் கீழே வைத்தாள். விறகை வெளியே இழுத்தாள். அப்போதுதான் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பு. மறுபடி பானையைத் தூக்கி அடுப்பில் வைத்தாள்.

"என்னட்டி சிரிக்க?"

"ஒண்ணுமில்ல. பழக்கதோசம்."

பழக்கதோசமாம். கேட்டுக்கொள்ளுங்கள் டீச்சர். யாரோ ஒருத்தன் கேட் பக்கத்தில் ஊதுகிறான், என் வீட்டில் பானை ஏறுகிறது, பானை இறங்குகிறது.

மறுநாளும் அதே மாதிரி போய் நின்றாள். நீள ஊதலுக்குப் பின்னால் அன்றைக்கும் இரண்டு குட்டி. அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்துவிட்டு, "அவுகளுக்கு இன்னும் தெரியாது போல" என்றாள். என்ன தெரியாது? நான் வீட்டில் இருப்பதுதானே? எனக்குக் கட்டுக்குள் கை எரிந்தது.

மூன்றாம் நாள் அவரே வந்தார், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. கையை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு நாளா இன்னொரு பிட்டர் நிக்காரு. கேட்டப்பதான் வெசயத்த சொன்னாரு. எனக்குத் தெரியாம போச்சே வே" என்றார். அவள் காப்பி கொண்டுவந்தாள். அவரிடம் கொடுக்கும்போது நிமிரவில்லை. அவரும் அவளைப் பார்க்கவில்லை. "நல்லாருக்கியா தங்கச்சி?" "இருக்கேண்ணே." அவ்வளவுதான். ஒன்றும் இல்லாதவர்கள் நாலு வார்த்தை பேசுவார்கள் இல்லையா? அவ்வளவு அடக்கமாக எதற்கு இருக்க வேண்டும்?

அடுத்த நாளிலிருந்து குட்டி ஊதல் நின்றுபோயிற்று. நான் எண்ணினேன். மிச்சம் இருந்த ஏழு நாளும் நீள ஊதல் மட்டும்தான். நான் வீட்டில் இருக்கிறேன் என்று தெரிந்தவுடன் நின்றுபோயிற்று என்றால் அதற்கு என்ன அர்த்தம்? நீங்கள் படித்தவர்கள், நீங்களே சொல்லுங்கள். கை ஆறி நான் வேலைக்குப் போனேன். முதல் நாளே ஷெட்டில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். நீளம் ஒன்று. குட்டி இரண்டு. வந்துவிட்டது மறுபடியும். அன்றைக்கு அவர் வந்து புத்தகத்தில் மூன்று வரி எழுதினார், நான் வீடு போகும்போது மணி மூன்று.

சோறு ஆவி பறந்தது. எனக்கு இறங்கவில்லை.

ஊதுகிற விசில் எப்படி இருக்கும் தெரியுமா? கவிழ்த்து வைத்த டம்ளர் மாதிரி ஒரு வெண்கல மணி. நடுவில் ஒரு தண்டு, உச்சியில் ஒரு நட். கீழே விளிம்பைச் சுற்றி ஆவி சீறும். அந்த விளிம்புக்கும் மணிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் குரல். அதில் நூலளவு கூட்டினால் போதும், குரல் செத்துப்போகும்.

என்னிடம் ஒரு பித்தளை மூக்குப்பொடி டப்பா இருந்தது. கழுகுமலைத் திருவிழாவில் சொர்ணத்தாய் வாங்கிக் கொடுத்தது. மூடியில் மயில் பொறித்திருக்கும். வேறு தகடு கிடைக்கவில்லையா என்றால், ஷெட்டில் தகட்டுக்கு என்ன பஞ்சம்? ஆனால் கை அதற்குத்தான் போயிற்று. அந்த மூடியில் ஓட்டை போட்டு, வளையமாக வெட்டி, அவர் எஞ்சின் பாய்லர் கழுவ வந்த அன்றைக்கு விசிலைக் கழற்றித் தண்டில் மாட்டி, மேலே மணியை வைத்து முடுக்கிவிட்டேன். ஐந்து நிமிஷ வேலை.

மறுநாள் பதினொன்றேமுக்காலுக்குக் கேட் பக்கத்தில் ஒரு சத்தம் வந்தது. தொண்டை கட்டின ஆடு கத்தின மாதிரி. ஷெட்டில் எல்லாரும் சிரித்தார்கள். "ஆதிக்கம் அண்ணனுக்கு நேத்து ஐஸ் போட்ட சர்பத்து ஒத்துக்கிடல போல." நானும் சிரித்தேன்.

அன்றைக்கு அவர் விசிலைத் தவிர வேறு ஒன்றும் எழுதவில்லை. பன்னிரண்டரைக்கு வீட்டுக்குப் போனேன். அடுப்பில் உலைகூட இல்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்து கேட் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"வண்டி இன்னும் வரலியே, அதுக்குள்ள எப்படி வந்தீக?"

"வண்டி வந்து முக்கா மணி நேரம் ஆச்சு."

"சத்தமே கேக்கலியே..."

பார்த்தீர்களா? அவன் ஊதல் இல்லையென்றால் என் வீட்டில் அடுப்பே எரியாது. எனக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ரிப்பேர் புத்தகத்தில் அவர் எழுதியிருந்தார், 'விசில் குரல் சரியில்லை, பார்க்கவும்.' நான் எதிரே எழுதினேன், 'பார்த்தாயிற்று, சரியாக உள்ளது.' கையெழுத்துப் போட்டேன். மறுநாளும் எழுதினார். நானும் எழுதினேன். மூன்றாம் நாளும். நாலாம் நாள் அவரே ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு பாய்லர் மேல் ஏறிவிட்டார். டிரைவர் ஏறிப் பார்க்கிற வழக்கம் கிடையாது, அது எங்கள் வேலை. கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விசிலைக் கெடுப்பது சின்னக் குற்றம் இல்லை டீச்சர். கேட்டில் ஆள் அடிபட்டால் என்ன ஆவது? மேலே சொன்னால் என் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும்.

ரொம்ப நேரம் மேலேயே இருந்தார். பிறகு முடுக்குகிற சத்தம் கேட்டது. இறங்கி வந்து கையைக் கழுவினார். என் மேஜைக்கு வந்தார். மூடி இல்லாத பொடி டப்பா அங்கே இருந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"மூடி எங்க வே?"

"காணாமப் போச்சு."

டப்பாவைக் கீழே வைத்தார். "பொடி நமுத்துப் போகும். துணியச் சுத்தி வையும்" என்றார். போய்விட்டார். அதற்குப் பிறகு விசிலைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லை. அந்தக் கட்டைக் குரலோடேயே ஓட்டினார். ஊர் சிரித்தது. பிள்ளைகள் அவர் போகும்போது ஆடு மாதிரி கத்தின. வேறு எந்தப் பிட்டரிடமும் காட்டவில்லை. அவர் ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை? மடியில் கனம் இல்லாதவர் என்றால் நேராக ஆபீசுக்குப் போயிருப்பார். நான் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கும் வேறு மாதிரி நினைக்க எனக்கு வரவில்லை.

அந்தக் கட்டைக் குரல் காலனி வரைக்கும் எட்டாது. வீட்டில் கைராசி போய்விட்டது. சொர்ணத்தாய் ஒரு நாள் சீக்கிரமாக வடித்துவிடுவாள், நான் மூன்று மணிக்குப் போனால் விறைத்துக் கிடக்கும். ஒரு நாள் தாமதமாக வடிப்பாள், நான் பசியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். இரண்டு தடவை வெயிலில் கேட் வரைக்கும் நடந்துபோய், பாசஞ்சர் போய்விட்டதா, எப்படி ஊதியது என்று கேட்மேனிடம் கேட்டிருக்கிறாள். அந்த ஆள் என்னிடம் வந்து சொல்கிறான். எனக்கு எப்படி இருக்கும்?

ஒரு நாள் அவளே கேட்டாள். "பிட்டரு நீங்கதான? அந்த விசில சரி பண்ணிக் குடுக்கக்கூடாதா?"

எட்டு வருஷத்தில் தனக்காக என்று அவள் ஒன்றும் கேட்டதில்லை. ஒரு புடவை கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்கிறாள், அவர் விசிலை.

"ஏன், அந்த ஊதல் கேக்கலன்னா ஒனக்குச் சோறு எறங்காதோ?"

என்னையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"எனக்கு எறங்கும்" என்றாள்.

என்ன பதில் அது? விசில் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து பிறகு நான் கேட்கவே இல்லை. ஆடியில் வயிற்றுப் புண் உடைந்து ரத்தமாக எடுத்தேன். பதினோரு நாள் ரயில்வே ஆஸ்பத்திரி. பக்கத்திலேயே தரையில் படுத்துக் கிடந்தாள். திரும்பி வந்த பிறகு வேறு வழி கண்டுபிடித்தாள், தினமும் இரண்டு தடவை வடித்தாள். பன்னிரண்டுக்கு ஒரு தடவை, இரண்டுக்கு ஒரு தடவை. எனக்கு உதவாமல் ஆறிப்போனதை அவள் தின்பாள். அதே பழக்கத்தில் சாகும்வரை ஆறின சோறுதான் தின்றாள். நான் வேண்டாம் என்று சொன்னதில்லை.

தொண்ணூற்றைந்தில் அவர் ரிட்டயர் ஆனார். அந்த வருஷமே ஷெட்டையும் மூடினார்கள், அவர் இல்லாமல் அது இருக்கக்கூடாது என்கிற மாதிரி. வழியனுப்பு விழாவில் அவர் எஞ்சினின் விசிலைக் கழற்றிப் பாலிஷ் போட்டு அவருக்குக் கொடுத்தார்கள். கைதட்டல் நிற்கவே இல்லை. எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள், ஆறு பேரில் ஒருவனாக.

போன மாதம், முப்பதாம் நாள் ஜெபம் முடிந்த பிறகு, அவர் மகள் ஜெசிந்தா ஆட்டோவில் வந்தாள். துணியில் சுற்றி அந்த விசிலைக் கொண்டுவந்திருந்தாள். "அப்பா இத ஒங்கட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டே இருந்தாக மாமா." வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். "பாங்குல ஒங்களப் பாத்துட்டு வந்தன்னைக்கு, பாவம், அவனுக்கு இப்ப யாரு ஊதிச் சொல்லுவா அப்படின்னாக. எனக்கு வெளங்கல மாமா" என்றாள்.

எனக்கும் விளங்கவில்லை என்றேன்.

அதோ அந்த அலமாரிமேல் இருப்பதுதான். அதை வாங்கிப் போய்ப் புது ஸ்டேஷனில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கத்தானே வந்திருக்கிறீர்கள்? எனக்குத் தெரியும். தருகிறேன்.

என்ன டீச்சர்? எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

குட்டி ஊதல் வந்த நாளில் நான் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவேன் என்றா கேட்கிறீர்கள்? அதுதான் சொன்னேனே. நான் கவனித்த நாளில் எல்லாம் இரண்டரை ஆயிற்று. மூன்றும் ஆகும். வராத நாளில் பன்னிரண்டரை.

ஆமாம். எழுதுகிற நாளில்தான் ஊதினார். கேட் பக்கத்தில் வரும்போதே அவருக்குத் தெரியும், புத்தகத்தில் எழுதப்போகிறோமா இல்லையா என்று.

என்னை அப்படிப் பார்க்காதீர்கள். சொர்ணத்தாயும் இப்படித்தான் பார்த்தாள்.

சரி. நீங்கள் சொல்வது போலவே இருக்கட்டும். அது என் சோற்றுக்காகவே இருக்கட்டும். அப்படியானால் அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அவர் சொல்லியிருக்கக் கூடாதா? தினமும் ஷெட்டில் முகத்துக்கு முகம் பார்க்கிறோமே! என் வயிற்றைப் பற்றித்தான் என்றாலும், நான் இல்லாமல், அவர்கள் இரண்டு பேருக்குள் ஒரு பேச்சு ஓடியிருக்கிறது. அவர் ஊதுகிறார், அவள் கேட்கிறாள், ம்ச் என்கிறாள். அவளிடம் அப்படிப் பேச எனக்கு ஒரு ஊதல் இருந்ததா? எட்டு வருஷம் நான் ஆவி பறக்கத் தின்றது அவர் தயவில் என்றால், அது இன்னும் மோசம் இல்லையா?

காப்பி ஆறிவிட்டது உங்களுக்கு. வேறு போட ஆள் இல்லை, மன்னிக்க வேண்டும். எனக்கு மெஸ்ஸிலிருந்து கேரியர் வரும். வரும்போது ஆறித்தான் இருக்கும்.

விசிலை எடுத்துப் போங்கள். பார்த்துத் தூக்குங்கள், கனம். கீழே வைக்கிற அட்டையில் அவர் பேரையே போடுங்கள். நான் எழுதின பொய்யைப் புத்தகத்தில் போடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

ஜெசிந்தா கொண்டுவந்த அன்றைக்கே மேல் நட்டைக் கழற்றிப் பார்த்தேன். மயில் தோகை தெரிகிற பித்தளை வளையம் உள்ளேயே இருந்தது. யாரோ புளி போட்டுத் துலக்கியிருக்கிறார்கள். திரும்ப முடுக்கி வைத்துவிட்டேன். இப்போதும் உள்ளேதான் இருக்கிறது.